தீவகத்தின் யானையும் குதிரையும்: விலங்கு காணும் பயணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விடுமுறை நாட்களில் வனவிலங்குகளை அவை வாழும் இடத்திலேயே காணச் செல்லும் பயணத்தை இன்று உலகெங்கும் 'சஃபாரி' என்னும் சொல்லாற் குறிக்கின்றனர். கிழக்கு ஆபிரிக்காவின் சுவாகிலி மொழியில் இச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்த இதனை ஐரோப்பியர் எடுத்தாண்டபோது அதன் பொருள் குறுகி, வேட்டைப் பயணம் ஒன்றையே சுட்டி நின்றது. 1909ஆம் ஆண்டில் அமெரிக்க சனாதிபதிப் பதவியைவிட்டு நீங்கிய தியோடர் றூஸ்வெல்ற் கிழக்கு ஆபிரிக்காவில் மேற்கொண்ட பயணம் இவ்வகையிற் பெயர்பெற்றது. பூச்சியினம் முதல் யானை ஈறாகப் 11,000க்கு மேற்பட்ட உயிரின மாதிரிகள் அப்பயணத்தின்போது நூதனசாலைக்கெனச் சேகரிக்கப்பட்டன. விலங்கைக் காண்பதும் கொல்வதும் ஒரே செயலின் இரு கூறுகளாகக் கருதப்பட்ட காலம் அது.

இலங்கையும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானைகளைக் கொல்வோர்க்கு அரசாங்கமே பரிசுப்பணம் வழங்கிற்று. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு இப்பரிசு கோரப்பட்டதெனக் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமேர்சன் தெனந்து எழுதியுள்ளார். இந்த அழிவின் பின்னரே பாதுகாப்பு என்னும் எண்ணம் முளைவிடலாயிற்று. 1900இல் யால ஒதுக்கிடமாக்கப்பட்டது. 1937இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. துப்பாக்கியின் இடத்தை ஒளிப்படக் கருவி பிடித்துக்கொண்டது. இன்று விலங்கு காணும் விடுமுறை என்றதும் இலங்கையர் நினைவுக்கு முதலில் வருவது யாலவின் சிறுத்தையே.

யாழ்ப்பாணத் தீவகத்திற் சிறுத்தையில்லை, யானையுமில்லை. எனினும் மனிதர்க்கும் விலங்குக்கும் இடையிலான உறவு காலந்தோறும் மாறிவந்தமைக்கு இத்தீவகத்தில் உள்ளதுபோலத் தொடர்ச்சியான சான்று இலங்கையின் வேறு பகுதிகளிற் காண்டல் அரிது. நயினாதீவிலுள்ள கல்வெட்டு, ஊர்காவற்றுறை என்னும் துறைமுகம், நெடுந்தீவிற் கட்டின்றித் திரியும் குதிரைகள் ஆகிய மூன்றும் ஒரே வரலாற்றின் மூன்று கட்டங்களைக் காட்டுவன. நெடுந்தீவுக் குதிரைகளைக் காணச் செல்வோர் தொகை பெருகிவரும் இக்காலத்தில், அப்பயணம் செல்வோர்க்கும் விலங்குகளுக்கும் தீவு மக்களுக்கும் கேடின்றி அமைவதற்கு இவ்வரலாற்றறிவு எவ்வாறு துணைசெய்யும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நயினாதீவுக் கல்வெட்டு

கடல்வழியே விலங்குகளைக் கொண்டுவரும் வழக்கம் தமிழர்க்குத் தொன்மையானது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளையும் ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருள்களையும் பட்டினப்பாலை ஒருங்கே குறிப்பிடுகின்றது. தென்னிந்தியாவும் ஈழமும் குதிரைகள் இயற்கையாகப் பெருகும் நிலங்களல்ல. போருக்கும் ஊர்திக்கும் வேண்டிய குதிரைகள் அரபு, பாரசீக நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் மரக்கலங்களில் வந்தன. பாண்டிநாட்டில் இவ்வாறு இறக்குமதியான குதிரைகள், அவற்றைப் பேணும் முறையறிந்தோர் இன்மையால் விரைவில் மடிந்தன என்றும், அதனால் ஆண்டுதோறும் பெருந்தொகைப் பொருள் செலவாயிற்று என்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார்.

இவ்வணிகத்தின் ஈழத்துச் சான்றாக விளங்குவது நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயச் சூழலிலுள்ள தமிழ்க் கல்வெட்டாகும். பொலன்னறுவையிலிருந்து கி.பி. 1153 முதல் 1186 வரை ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னன் ஒருவன் வடகடல் வணிகருக்கு விடுத்த ஆணை தமிழில் அமைந்தமை அக்கால வணிக வழக்கையும் அப்பிரதேசத்து மொழியையும் ஒருசேரப் புலப்படுத்துவதாகும்.

கட்டளையின் சாரம் வருமாறு: பிறதேசத்தார் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும். அரசனுக்கென யானைகளையும் குதிரைகளையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோயின், அதிற் காற்பங்கு பண்டாரத்துக்குச் சேர, முக்காற்பங்கு உடையவனுக்கே விடப்படல் வேண்டும். ஏனைய வாணிபச் சரக்கேற்றிய கலம் உடையின், செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் உரியதாகும்.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. உடைந்த கலத்தின் பொருள் முழுவதையும் கரைக்குரிய அரசனே கவர்ந்துகொள்ளும் வழக்கம் பல நாடுகளில் நிலவிய காலத்தில், விலங்கேற்றி வந்தவனுக்கு மட்டும் கூடுதலான சலுகை காட்டப்பட்டமை நோக்கற்பாலது. யானை வணிகம் தொடர்பான பிணக்குக் காரணமாக இம்மன்னன் பர்மிய அரசின்மீது படையெடுத்தான் எனச் சூளவம்சம் கூறுவதையும் இணைத்து நோக்கின், அவன் அரசில் யானையும் குதிரையும் பெற்றிருந்த மதிப்புத் தெளிவாகும். விலங்கின்மீது கொண்ட பரிவன்று, அரசின் தேவையே இக்கட்டளைக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடல்கடந்து வருவோரின் பாதுகாப்பும், அவர்கள் கலத்தில் வரும் விலங்குகளின் பெறுமதியும் தீவகத்தில் ஒரே கல்லில் அருகருகே பொறிக்கப்பட்டமை வரலாற்றுச் சிறப்புடையதாகும்.

யானைகள் ஏறிய துறை

பராக்கிரமபாகு காலத்தில் விலங்குகள் வந்திறங்கிய ஊர்காவற்றுறை, பிற்காலத்தில் விலங்குகள் ஏற்றப்படும் துறையாகப் பெயர்பெற்றது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இத்துறையை யானைகளின் துறை என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். துறைமேடையைக் குறிக்கும் 'கைஸ்' என்னும் போர்த்துக்கேயச் சொல்லே, இவ்வூரை ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் 'கயிற்ஸ்' என்ற பெயராயிற்று. யானைகள் மறைந்து நெடுங்காலமான பின்னும் அவ்வணிகத்தின் சுவடு ஊர்ப்பெயரில் எஞ்சி நிற்கின்றது.

வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகளை வன்னிபங்கள் திறையாகச் செலுத்தினர். அவை ஆழங்குறைந்த பரவைக்கடலைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. ஆனையிறவு என்னும் இடப்பெயர் அவ்வழியை நினைவூட்டுவதாகும். வேலணைத் தீவுக்கும் காரைநகருக்கும் இடையே காற்றின் கடுமைக்கு ஒதுங்கி அமைந்த ஊர்காவற்றுறை, பெருங்கலங்கள் நிற்பதற்கும் யானைகளை ஏற்றுவதற்கும் வாய்ப்பாயிருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்க்கும் யானை விற்பனை முக்கியமான வருவாயாயிற்று. சோழமண்டலக் கரை, கோல்கொண்டா, வங்காளம் ஆகிய பகுதிகளின் வணிகர் யாழ்ப்பாணத்துக்கு வந்து யானைகளை வாங்கிச் சென்றனர்.

இக்கட்டத்தில் விலங்கு ஒரு சரக்காகவே கணிக்கப்பட்டது. அதன் உயரமும் தந்தமும் உடற்குறையும் விலையை நிருணயித்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய அரசுகளின் நிலை மாற, யானை வணிகமும் தளர்ந்தது. விலைபோகாத யானை, அடுத்த நூற்றாண்டிற் பயிரழிக்கும் பகையாகக் கருதப்பட்டு, கொல்வோர்க்குப் பரிசளிக்கும் நிலை உண்டாயிற்று. தெனந்து குறிப்பிடும் 3,500 என்ற தொகை, சந்தையிழந்த ஒரு விலங்குக்கு ஆட்சியாளர் இட்ட மறு விலையே எனலாம்.

பசுத்தீவிற் குதிரைகள்

தீவகத்தின் தென்மேற்குக் கோடியில், ஏனைய தீவுகளினின்றும் விலகிக் கிடப்பது நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இது, பாக்கு நீரிணையிலுள்ள பெரிய தீவுகளுள் ஒன்று. போர்த்துக்கேயர் இதனைப் பசுத்தீவு என்று பொருள்படும் பெயரால் வழங்கினர். கால்நடைக்குரிய மேய்ச்சல் நிலமாக இது முன்னரே பெயர்பெற்றிருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரங்களின் பெயர்களைத் தீவகத்துக்குச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்ரடாம் எனவும், வேலணை லெய்டன் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும், அனலைதீவு றொற்றடாம் எனவும் பெயர்பெற்றன. அவற்றுட் பெரும்பாலானவை வழக்கிறந்தன. நெடுந்தீவுக்கு இடப்பட்ட டெல்வ்ற் என்ற பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது.

நெடுந்தீவிற் குதிரை வளர்ப்புப் போர்த்துக்கேயர் காலத்திலே தொடங்கியதென்றும், ஒல்லாந்தர் அதனை ஒழுங்குபடுத்திப் பெருக்கினரென்றும் கருதப்படுகின்றது. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதியாயிருந்த ஹென்றிக் சுவார்டெகுரூன் 1697இல் எழுதிவைத்த ஆட்சிக் குறிப்புகளில் யானையும் குதிரையும் நிருவாக விடயங்களாக இடம்பெறுகின்றன. 1803இல் வெளிவந்த றொபேட் பேர்சிவலின் இலங்கை பற்றிய நூலும் யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள தீவுகளிற் குதிரைகள் வளர்க்கப்பட்டமையைக் குறிப்பிடுகின்றது.

குதிரை வளர்ப்புக்கு இத்தீவு தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கான காரணங்களை ஊகித்தல் கடினமன்று. கடலே வேலியாக அமைந்தமையால் விலங்குகள் தப்பியோட இடமில்லை. வன்னியிற்போல இரைதேடும் சிறுத்தையும் இங்கில்லை. பவளச் சுண்ணாம்புக்கல்லின்மேல் மெல்லிய மண்போர்வையே படிந்துள்ளமையால் நெல் விளைவுக்கு நிலம் ஏற்றதன்று. ஆனால் மாரிமழை பெய்ததும் திறந்த வெளியெங்கும் புல் செழிக்கும். இந்தியக் கரையும் அண்மையிலுள்ளது. மனிதர்க்கு வறிய நிலமாகத் தோன்றியது குதிரைக்கு வளமான நிலமாயிற்று.

அக்காலத்துக் குதிரை லாயத்தின் எச்சங்களாகக் கற்றூண்கள் இன்றும் தீவில் வரிசையாக நிற்கின்றன. சிதைந்த கோட்டையும் புறாக்கூடும் அவற்றுக்குத் துணையாகவுள்ளன. சாந்தின்றிப் பவளக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள் ஒழுங்கைகளின் இருமருங்கும் நீண்டு செல்லும். ஆபிரிக்க நிலத்துக்குரிய பெருக்க மரமொன்றும் இங்கு நிற்பது, கடல்வழி வந்து இத்தீவில் வேரூன்றியவை குதிரைகள் மட்டுமல்ல என்பதை உணர்த்தும்.

1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைப்பட்ட பின்னரும் குதிரை வளர்ப்பு உடனே நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெப்டினன்ற் நோலன் என்னும் அதிகாரி தீவின் நிருவாகத்தையும் குதிரை வளர்ப்பையும் மேற்பார்த்தார். நாளடைவில் அரசின் ஊக்கம் குன்ற, லாயங்கள் கைவிடப்பட்டன. எஞ்சிய குதிரைகள் உரிமையாளரின்றித் திறந்த வெளிக்குச் சென்றன.

கைவிடப்பட்ட மந்தை

இவ்வரலாற்றை நோக்கின், நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டுக்குதிரைகள் என்று வழங்குவது முற்றிலும் பொருந்தாது. அவை வீட்டு விலங்குகளாயிருந்து காட்டு வாழ்வுக்குத் திரும்பியவற்றின் வழித்தோன்றல்கள். தலைமுறை தலைமுறையாக மனிதர் உணவூட்டாமலும் இனந்தெரிந்து சேர்க்காமலும் வாழ்ந்தமையால் அவை உருவிற் சிறுத்த மட்டக்குதிரைகளாக உள்ளன. ஓர் ஆண்குதிரையின் தலைமையிற் பெண்குதிரைகளும் குட்டிகளும் சிறு மந்தையாக மேயும். துணையில்லாத இளம் ஆண்குதிரைகள் தனிக் கூட்டமாகத் திரியும். கட்டுநீங்கிய குதிரையினம் எங்கும் கைக்கொள்ளும் ஒழுங்கு இதுவாகும்.

இத்தகைய விலங்குகள் நெடுந்தீவுக்கு மட்டும் உரியனவல்ல. நீரிணையின் மறுகரையில், 1967இற் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையிலும் மட்டக்குதிரைகள் கட்டின்றித் திரிகின்றன. மன்னாரிலும் புத்தளத்திலும் வணிகர் கைவிட்ட பொதிகழுதைகளின் வழிவந்தவை தெருவெங்கும் உலவுகின்றன. வணிகமும் ஆட்சியும் கடல்வழி கொண்டுவந்து, பயன் தீர்ந்தபின் விட்டுச்சென்ற விலங்குகளாகவே இவை பாக்கு நீரிணையின் இருகரையிலும் எஞ்சியுள்ளன.

2015ஆம் ஆண்டில் நெடுந்தீவின் 1,846 ஹெக்டேயர் நிலப்பகுதி தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. சுண்டிக்குளமும் அதே காலத்திலே தேசிய வனமாயிற்று. தீவின் மொத்தப் பரப்பில் இது மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதாகும். கைவிடப்பட்ட மந்தைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னர் மீண்டும் அரசின் கவனம் கிடைத்தது. ஆனால் எல்லை வரைவதால் மட்டும் விலங்கு வாழ்ந்துவிடாது. அண்மைக் காலத்துக் கடும் வறட்சிகளின்போது குடிநீரும் புல்லுமின்றிக் குதிரைகள் மடிந்த செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. கோடையில் நீர்நிலைகள் வற்றக் கிணறுகள் உவர்ப்படையும் தீவில், மனிதரும் மாடும் ஆடும் குதிரையும் அதே நீரையே நம்பி வாழ்கின்றனர். நெடுந்தீவில் எழும் எந்தத் திட்டத்துக்கும் அடிப்படைக் கேள்வி நீரே என்பதை மறத்தலாகாது.

தீவு மக்களின் வாழ்வும் இவ்வாறே அலைக்கழிக்கப்பட்டது. புறவுலகுடன் அவர்களை இணைப்பது குறிகட்டுவான் துறைக்குச் செல்லும் படகு ஒன்றே. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து அத்துறையை நோக்கிச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் அன்று உயிரிழந்தனர். தாக்கியோர் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் சாட்சியமளித்தனர். ஆண்டுதோறும் அந்நாளிற் தீவு மக்கள் இறந்தோரை நினைவுகூர்கின்றனர். உல்லாசப் பயணி ஒரு மணிநேரத்தில் மகிழ்ச்சியுடன் கடக்கும் நீர்ப்பரப்பு, தீவு மக்களுக்கு இந்நினைவையும் சுமந்த வழியாகும். 2009இற் போர் முடிவுற்ற பின்னரே வெளியூரார் பெருந்தொகையிற் குதிரைகளைக் காண வரலாயினர்.

காணச் செல்வோர் அறிய வேண்டியவை

மேற்கூறிய வரலாறு பயணத்தைத் திட்டமிடுவோர்க்கு நேரடியாகப் பயன்படுவது. முதலிற் கருதவேண்டியது காலம். வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களிற் பெருமழையும் கடற்கொந்தளிப்பும் ஏற்படுவதுண்டு. படகுச்சேவை தடைப்படுதலும் இயல்பே. சோளகக் காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரையிலும் கடல் அமைதியாயிராது. அக்காலத்திலே புல் கருகி நீர் அருகிவிடும். மாசி முதல் சித்திரை வரையிலான இடைக்காலத்தில் மாரியின் பசுமை ஓரளவு எஞ்சியிருக்கும். கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மாசி, பங்குனி மாதங்களில், வடபுல நாடுகளிலிருந்து வந்த வலசைப் பறவைகளையும் தீவகத்தின் பரவைக்கடலோரங்களிற் காணலாம். ஆதலின் மூன்று காலங்களுள் இதுவே பயணத்துக்கு ஏற்றது. எக்காலமாயினும் புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல்நிலை அறிவித்தலைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

அடுத்தது வழி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தரைவழியாகச் சென்று, குறிகட்டுவானிற் படகேற வேண்டும். நயினாதீவு சிறிது நேரப் பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் செல்லும். நாளொன்றுக்குச் செல்லும் படகுகள் சிலவே. அவை தீவு மக்கள் வைத்தியசாலைக்கும் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றுவரும் படகுகள் என்பதை வெளியூரார் உணரவேண்டும். நாகபூஷணி அம்மன் ஆலயத்து ஆனிமாதத் திருவிழாக் காலத்திற் குறிகட்டுவானில் நெரிசல் மிகும். அந்நாட்களைத் தவிர்த்தல் இருசாரார்க்கும் நன்று. திரும்பும் படகின் நேரத்தை முன்கூட்டியே அறிதல், உயிர்காப்பு அங்கி அணிதல், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகில் ஏறாமை ஆகியன எளிய விதிகளாயினும் உயிர்காப்பவை.

மூன்றாவது விலங்கின் முன் நடந்துகொள்ளும் முறை. மட்டக்குதிரை உருவிற் சிறியதாகையாற் தீங்கற்றது என்று கருதுவது தவறு. தாய்க்கும் குட்டிக்கும் இடையே புகுவதும், பின்புறமாக அணுகுவதும், ஓடும் மந்தையை வாகனத்தில் துரத்துவதும் ஆபத்தானவை. காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கும் குதிரை உதைக்கவோ கடிக்கவோ கூடும். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள அசற்றீக் தீவிலும் இவ்வாறே கட்டுநீங்கிய குதிரைகள் வாழ்கின்றன. உணவூட்டிப் பழகிய குதிரைகள் பயணிகளைக் கடித்ததும், தீனிக்காகத் தெருவோரம் வந்து வாகனங்களில் அடிபட்டு இறந்ததும் அங்கு கண்ட அனுபவம். ஆகவே உணவூட்டல் அங்கு தடைசெய்யப்பட்டது. ஒரு பேருந்தின் நீளமளவு தூரமேனும் விலகி நிற்கவேண்டுமென்ற விதியும் ஏற்பட்டது. நெடுந்தீவுக்குச் செல்வோரும் இவ்விதியைத் தாமாகவே மேற்கொள்ளலாம். தொலைநோக்கி ஒன்றிருப்பின் விலகி நிற்பதாற் காட்சி எதுவும் குறைவதில்லை.

நான்காவது நீர். தமக்கு வேண்டிய குடிநீரைத் தாமே கொண்டுசெல்லுதலும், வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவருதலும் நெடுந்தீவிற் கட்டாயக் கடமையெனக் கொள்ளத்தக்கவை. கோடையில் குதிரைகள் நீர்நிலையருகே கூடும்போது அவ்விடத்தைச் சூழ்ந்து நிற்பது, காட்சியின் பொருட்டு விலங்கின் தாகத்தைத் தடுப்பதாகும். வறட்சி மிகும் நாட்களில் யாலவின் முதலாம் பிரிவை மூடிவைப்பது பல ஆண்டுகளாகக் கைக்கொள்ளப்பட்டுவரும் வழக்கம். இத்தகைய ஏற்பாடு நெடுந்தீவுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

யாருக்குரிய விலங்குகள்

விலங்கு காணும் பயணம் வெற்றி பெறும்போதே அதன் கேடும் தொடங்கிவிடுகின்றது. 2009இன் பின்னர் யாலவுக்குச் செல்வோர் தொகை பெருக, ஒரு சிறுத்தையைச் சுற்றிப் பல பத்து வாகனங்கள் முண்டியடிக்கும் நிலை உருவாயிற்று. பரப்பிற் பெரிதான யாலவே இந்நெருக்கடியைத் தாங்கமாட்டாது தவிக்கையில், சிறு தீவொன்று எவ்வாறு தாங்கும் என்பது எண்ணத்தக்கது. நெடுந்தீவுக்கு வேண்டியது பெருந்தொகையான பயணிகளன்று, பொறுப்புணர்ந்த சிலரே. காலையில் வந்து ஒளிப்படம் பிடித்து மாலையில் மீள்வோரால் ஊருக்குக் கிடைப்பது குப்பை மட்டுமே. தீவிலுள்ளார் ஒருவரையே வழிகாட்டியாகக் கொண்டு, அவர் வீட்டுச் சமையலை உண்டு, லாயத்தையும் கோட்டையையும் அவர்வாய்க் கேட்டறிந்து திரும்புவோரால் வருவாயும் மதிப்பும் ஊருக்குள் தங்கும்.

இதற்கு முன்மாதிரி தேடி ஆபிரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், ஏரியிற் கூடும் பறவைகளை வேட்டைக்காரரிடமிருந்து காக்க வேண்டுமென ஊர்மக்களே முறையிட, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கும்பினியாட்சியின் அதிகாரி லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை எழுத்தில் ஏற்றுக்கொண்டார். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. பறவையால் ஊர் பயன்பெற்றது, ஊராற் பறவை பாதுகாப்புப் பெற்றது. பாதுகாப்பின் பயனை உள்ளூரார் உணரும் இடத்தில் விலங்குக்குக் காவலர் குறைவதில்லை. மாறாகத் தேசிய வனத்தின் எல்லைக்கல் தம் மாடுகளின் மேய்ச்சலையும் தம் நிலத்தின் உரிமையையும் மட்டுமே பறிப்பதாக நெடுந்தீவு மக்கள் கருத நேர்ந்தால், குதிரைகளுக்குப் பகைவரை உண்டாக்கியதாகவே அது முடியும். மந்தைக்கென நீர்த்தொட்டி அமைக்கும்போதே ஊருக்கெனவும் நன்னீர் வழங்கும் திட்டம் ஒன்றே இரு தேவையையும் நிறைவேற்ற வல்லது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீவகத்து விலங்குகளின் மதிப்பை வெளியாரே நிருணயித்து வந்துள்ளனர். பொலன்னறுவை மன்னன் அவற்றைப் படைப்பலமாக மதித்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விலைப்பொருளாக மதித்தனர். பிரித்தானியர் பயன்தீர்ந்ததும் கைவிட்டனர். இன்று உல்லாசப் பயணி அவற்றைக் காட்சிப்பொருளாக மதிக்கின்றான். ஒவ்வொரு மதிப்பும் அதற்குரிய சந்தை இருக்கும்வரையே நிலைத்தது. சந்தை மாறிய பின்னரும் அவ்விலங்குகளுடன் அதே வெயிலிலும் அதே உவர்நீரிலும் வாழ்ந்தோர் தீவு மக்களே. பிறதேசத்தார் காக்கப்பட வேண்டும் என்று நயினாதீவுக் கல்வெட்டு விதித்த கடமையை அவர்கள் விருந்தினர்க்கு இன்றும் ஆற்றிவருகின்றனர். நெடுந்தீவுக்குப் படகேறும் ஒவ்வொருவரும் அதற்கு ஈடாகச் செய்யத்தக்கது, அம்மக்களின் நீரையும் படகையும் நினைவுகளையும் மதித்து, குதிரைகளை அவை நின்ற இடத்திலேயே நிற்கவிட்டுத் திரும்புவதாகும்.